நேர்கோட்டுக்கு வெளியே பதினான்கு நிமிடம்

அந்தப் பதினான்கு நிமிடங்களைப் பற்றிச் சங்கவி யாரிடமும் பேசவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்க முடியாதபடி ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்துக்குக் கணக்கு வகுத்துக் கொடுத்தவள் அவள்தான்.

சித்தி போய் முப்பத்தாறு நாள் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை மூன்று மணி வெயிலில் வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண். நீலச் சீருடைப் புடவை, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள். செருப்பை முன்கூட்டியே ஓரமாகக் கழற்றி விட்டிருந்தாள். உள்ளே வராமல் போகப்போவதில்லை என்று அந்தச் செருப்பே சொன்னது.

"சங்கவி மேடம் வீடுதானே? என் பேரு ஜெசிந்தா. பெர்க்மான்ஸ் வீட்டுக்காரி. ஆம்புலன்ஸ் பெர்க்மான்ஸ்."

சங்கவிக்கு அந்த அடைமொழி தேவைப்படவில்லை. முப்பத்தாறு நாளாகக் காலையில் கண் விழித்ததும் முதலில் வருவது சித்தியின் முகம் இல்லை, அந்தப் பெயர்தான்.

"உள்ள வாங்க."

"நான் வந்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா வைவாரு." ஜெசிந்தா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "வெள்ளிக்கிழமை விசாரணை. லைசென்ஸ் போச்சுன்னா திரும்ப வராதாம். இருபத்திரண்டு வருஷமா அந்த வண்டியிலதான் மேடம் உசிரை வெச்சிருக்காரு."

"அவர் தரப்புல என்ன எழுதிக் குடுத்திருக்காரு?"

"ஒண்ணும் எழுதலை. எழுதவும் கூடாதாமே? வண்டி எந்த ரோட்டுல போச்சு, எங்க நின்னுச்சுன்னு அவரு வாயைத் திறந்தா அதுக்குத் தனியா ஒரு கேஸாம். அதெல்லாம் உள்ள இருந்தவங்க சொத்தாம். படுத்திருந்தவங்க இப்ப இல்ல. கூட உட்கார்ந்திருந்தது நீங்க. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் அவரு பேசலாம்."

தாளை உறையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். தட இசைவுப் படிவம். அதன் வாசகங்கள் சங்கவிக்கு மனப்பாடம். மூன்றாவது வரியில் ஒரு கமாவுக்காக அவள் அரை நாள் சண்டை போட்டிருக்கிறாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்க."

"நோட்டீஸ்ல மணிக்குப் பத்து கிலோமீட்டர்னு போட்டிருக்கு. ஆம்புலன்ஸுக்குப் பதினஞ்சுக்குக் கீழ போனா குத்தமாம். என் வீட்டுக்காரரு என்ன மாட்டு வண்டியா ஓட்டினாரு? சைக்கிள்ல போறவனே பத்துக்கு மேல போவான்."

"அது வேகம் இல்லீங்க. திசைவேகம். சராசரி திசைவேகம்."

"நான் எட்டாவதோட நின்னவ. எனக்குப் புரியுறாப்ல சொல்லுங்க."

சங்கவி பேனாவை எடுத்தாள். பழைய செய்தித்தாளின் ஓரத்தில் இரண்டு புள்ளி வைத்தாள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வளைந்து நெளிந்து ஒரு கோடு இழுத்தாள். பிறகு இரண்டையும் நேராக இணைத்தாள். இதை எத்தனையோ அரங்குகளில் வரைந்திருக்கிறாள். 

"வண்டி உண்மையா ஓடினது இந்த வளைஞ்ச கோடு. அது தொலைவு. கிளம்பின இடத்துலேருந்து சேர்ந்த இடத்துக்கு நேரா கோடு போட்டா, இது. இடப்பெயர்ச்சி. சிஸ்டம் இந்த நேர்கோட்டை மட்டும் எடுத்துக்கும். அதை ஆன நேரத்தால வகுக்கும். அவ்வளவுதான்."

"நடுவுல நடந்தது?"

"அதை எந்த மெஷினும் வெச்சுக்கக் கூடாது. தடமறதிச் சட்டம்."

ஜெசிந்தா இரண்டு கோடுகளையும் சற்று நேரம் பார்த்தாள்.

"காலையில அஞ்சரைக்கு வீட்டைப் பூட்டுறேன். ரெண்டு பஸ்ஸு, அப்புறம் ஆஸ்பத்திரி. மூணு மாடியும் வார்டு வார்டா துடைக்கிறேன். மறுபடி ரெண்டு பஸ்ஸு. சாயந்திரம் ஆறுக்கு அதே பூட்டைத் திறக்கிறேன். உங்க கணக்குல நான் எவ்வளவு தூரம் போயிருக்கேன்?"

சங்கவி பேனாவை மூடினாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"பூஜ்யம்."

"பூஜ்யமா!" ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு. "இதை யாராச்சும் என் முழங்காலுக்கு எடுத்துச் சொல்லுங்க மேடம். அது நம்ப மாட்டேங்குது."

சங்கவி கொண்டுவந்த மோரைக் குடித்துவிட்டு அவள் இன்னும் சில சொன்னாள். இப்போதெல்லாம் ஓட்டுநர்கள் அழைப்பு வந்ததும் முதலில் வரைபடத்தைத்தான் பார்க்கிறார்களாம். நேர்கோட்டில் பக்கமாகவும் ரோட்டில் தூரமாகவும் இருக்கும் வீடு என்றால், வண்டி பழுது என்று சொல்லி விடுகிறார்களாம். ஆற்றுக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும் நோயாளியை எடுக்க ஆளே இல்லையாம்.

"அவரையே நான் கேட்டேன் மேடம். பத்து கிலோமீட்டர் ஆகுற அளவுக்கு என்னய்யா பண்ணேன்னு. எங்கிட்டயும் சொல்லலை. 'அவங்க வீட்ல சாவு விழுந்திருக்கு, நீ சும்மா இரு'ன்னாரு." எழுந்து நின்றாள். "பேனா உங்க கையிலதான் இருக்கு."

"நான் படிச்சுப் பாத்துட்டு..."

"நீங்க எழுதினதுன்னு சொன்னாங்களே?"

 ஜெசிந்தா படிவத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் வலது கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

*

அந்தச் சட்டம் வந்தபோது ஊரே கொண்டாடியது. அதற்கு முன் ஒவ்வொருவரின் கைப்பேசியும், வண்டியும், பேருந்துச் சீட்டும் அவர் போன வழியையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டிருந்தன. காப்பகத்தில் ஒளிந்திருந்த ஒரு பெண்ணின் தடத்தை அவள் கணவன் ஒரு வேளைச் சாப்பாட்டு விலைக்கு வாங்கினான். தேடி வந்து அவளைக் கொன்றான். அப்படி நான்கு பெண்கள். அதன் பிறகுதான் சனங்கள் தெருவில் இறங்கினார்கள்.

சங்கவி அப்போது போக்குவரத்துத் துறையில் கணக்கீட்டுப் பொறியாளர். தடத்தை வைத்துக்கொள்ளாமல் வண்டிகளை எப்படி மேற்பார்வையிடுவது என்று எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்ட கூட்டத்தில், அவள்தான் எழுந்து போய்ப் பலகையில் இரண்டு புள்ளி வைத்தாள். "கிளம்பின இடம், சேர்ந்த இடம், ஆன நேரம். ஒரு மனுஷரைப் பத்தி அரசாங்கத்துக்கு இதுக்கு மேல தெரிய வேண்டியதில்லை" என்றாள். கைதட்டினார்கள். ஓய்வு பெறவிருந்த ஒரு மூத்த பொறியாளர் மட்டும், "சுத்திப் போறவன் கதி என்னம்மா?" என்று கேட்டார். "சுத்திப் போகட்டும் சார். ஏன்னு யாரும் கேக்க மாட்டோம். அதுக்குப் பேர்தானே சுதந்திரம்?" என்றாள் அவள். மறுபடியும் கைதட்டல்.

வீட்டுக்கு வந்து சித்தியிடம் இதைச் சொன்னபோது சித்தி முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பலதா என்ற பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். மேலூர் சாலையில் அவள் கண்டக்டரம்மா. முப்பது வருடம் டவுன் பஸ்ஸில் விசில் ஊதியவள். அக்கா இறந்ததும் ஒன்பது வயதுச் சங்கவியைக் கையோடு கூட்டி வந்து, தன் மகன் ஹரிகரனோடு சேர்த்து வளர்த்தவள்.

"அப்ப நான் பஸ்ஸுல ஓடின முப்பது வருஷமும் என்னடி? காலையில டெப்போ, ராத்திரி டெப்போ."

"பூஜ்யம் சித்தி."

"நல்லா இருக்குடி சங்கு உன் படிப்பு. பென்ஷன் குடுக்கறவன் காதுல போட்டுராத."

*

சித்தி இறந்த அன்றைக்குச் சாயந்திரம் ஆறரை மணிக்குத்தான் மாநிலம் முழுவதும் இந்தக் கணக்கு முறை அமலுக்கு வர வேண்டும். அதற்குச் சங்கவி தன் கையொப்பச் சாவியைக் கைப்பேசியில் செருகி ஒப்பமிட வேண்டும். சுண்டுவிரல் அளவு உலோகத் துண்டு அது. அவள் போட்டால்தான் அமைச்சர் மேடையில் பொத்தானை அழுத்தலாம்.

ஐந்தே கால் மணிக்குச் சித்தி நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே வந்து நின்றாள். "வாயு பிடிச்சிருக்குடி" என்றாள். ஆனால் வேர்த்திருந்தது. சங்கவி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். ஐந்து முப்பத்தாறுக்கு வண்டிக் கதவு சாத்தப்பட்டது. பின்னால் உதவியாளர் வேலையை எப்போதோ எடுத்து விட்டார்கள். ஒரு திரை மட்டும் சித்தியின் இதயத்தைப் பச்சைக் கோடாக வரைந்துகொண்டிருந்தது. முன்னால் பெர்க்மான்ஸ், ஒல்லியான மனிதர், கண்ணாடியில் ஒரு ஜெபமாலை தொங்கியது.

சித்தி படுத்த வாக்கில் பேசிக்கொண்டே வந்தாள். "இந்த ரோட்டுல மல்லாக்கப் படுத்துட்டுப் போறது இதான் முதல் தடவை. இப்ப லெஃப்ட்டு. பள்ளிக்கூட ஸ்டாப்பு. தம்பி, முன்னாடி ஒரு குழி இருக்கும், பாத்து இறக்கு." அவளுக்குச் சன்னல் தேவையில்லை. முதுகாலேயே ஊரைப் படித்தாள். "அம்மா மண்டபம் தாண்டியாச்சா? மாம்பழச்சாலை வருது. அப்புறம் பாலம். பாலம் தாண்டினா ஆஸ்பத்திரி."

அப்போதுதான் சங்கவி கைப்பையைத் துழாவினாள். சாவி இல்லை. ஃபிரிட்ஜ் மேல் வைத்தது கண்முன் வந்தது.

பச்சைக் கோடு சீராக ஓடிக்கொண்டிருந்தது. சித்தி பேசிக்கொண்டிருந்தாள். வாயுதான், வாயுவாகத்தான் இருக்கும். மணி ஐந்து நாற்பத்தொன்று. அவள் முன்பக்கச் சன்னலை விலக்கினாள். "சார், ஒரு நிமிஷம் வீட்டுக்குத் திருப்ப முடியுமா? முக்கியமான ஒண்ணை விட்டுட்டேன்."

அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "மருந்துங்களா?"

"ஆமா" என்றாள்.

அது முதல் பொய்.

வண்டி திரும்பியது. சித்தி தலையை அசைத்தாள். "ஏண்டி, பாலம் வரலையே?"

"பாலத்துல கூட்டம் சித்தி. சுத்திப் போறோம்."

இது இரண்டாவது.  பிறகு வண்டி ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. "இது நம்ம தெரு ஸ்பீடு பிரேக்கர்டி" என்றாள் சித்தி. கேள்வியாகக் கேட்கவில்லை. ஸ்டாப்பின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் எந்த ஸ்டாப்பின் பெயரையும் சொல்லவில்லை.

சாவியைத் தேடி எடுக்க நான்கு நிமிடம் ஆயிற்று. ஃபிரிட்ஜ் மேல் இல்லை, மிக்ஸிக்குப் பின்னால் விழுந்திருந்தது. அவள் ஓடி வந்து ஏறியபோது சித்தி கண்களை மூடியிருந்தாள். ஆறு மணிக்கு மருத்துவமனை வாசலில் கதவு திறந்தது. மொத்தம் இருபத்து நான்கு நிமிடம். நேராகப் போயிருந்தால் பத்து.

ஆறு பதினான்குக்கு மருத்துவர் வெளியே வந்தார். "ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஆறு முப்பதுக்குக் கைப்பேசி அதிர்ந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நின்று சங்கவி சாவியைச் செருகி ஒப்பமிட்டாள். ஏன் போட்டாள் என்று பிற்பாடு பலமுறை தன்னைக் கேட்டுக்கொண்டாள். போடாவிட்டால் திரும்பிப் போனதற்கு அர்த்தமே இல்லாமல் போய்விடும் என்று அந்த நொடியில் தோன்றியது. அதைவிடப் பெரிய காரணம் எதுவும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

முறை விழித்தது. அன்று காலையிலிருந்து நடந்த எல்லாப் பயணங்களையும் கணக்குப் பார்த்தது. மேலூர் சாலையிலிருந்து மருத்துவமனைக்கு நேர்கோட்டில் நான்கு கிலோமீட்டர். நான்கை இருபத்து நான்கு நிமிடத்தால் வகுத்தது. மணிக்குப் பத்து. திருச்சியில் அது பிடித்த முதல் குற்றவாளி பெர்க்மான்ஸ்.

உண்மையில் அவர் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டியிருந்தார். மூன்று போய், மூன்று திரும்பி, மறுபடி ஆறு. நின்ற நான்கு நிமிடத்தையும் சேர்த்துப் பார்த்தாலும் மணிக்கு முப்பது. சாயந்திர நெரிசலில் அது நல்ல ஓட்டம். அந்தக் கணக்கைப் போட இந்த உலகத்தில் இரண்டு பேரால்தான் முடியும். ஒருவர் பேசக் கூடாது. இன்னொருத்தி பேசவில்லை.

*

வியாழக்கிழமை சாயந்திரம் மஸ்கட்டிலிருந்து ஹரிகரன் கூப்பிட்டான். காரியம் முடிந்து திரும்பிப் போகும் முன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவன் அவன்தான்.

"நாளைக்குத்தானேக்கா?"

"ம்."

"அவன் குடும்பத்தைக் கெடுக்கணும்னு இல்லக்கா எனக்கு. ஆனா பத்து கிலோமீட்டர்ல ஓட்டியிருக்கான். வழியில எங்கயாவது டீ குடிக்க நிறுத்தினானா? நீ பின்னால அம்மாவைப் பாத்துட்டு இருந்திருப்ப, உனக்குத் தெரிஞ்சிருக்காது. அம்மா செத்ததுக்கு ஒரு ஆளாவது பதில் சொல்லணும்ல?"

"ஆமாடா" என்றாள் சங்கவி.

"நீ சாப்டியா?"

"சாப்டேன்." அதுவும் பொய்தான். பொய்கள் இப்போது தடையில்லாமல் வந்தன, பழகிய வழியில் வண்டி தானே திரும்புவதுபோல.

அவன் வைத்த பிறகு அவள் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பயம் எது என்று தனக்குத்தானே நேர்மையாகக் கேட்டுப் பார்த்தாள். வேலை போகும் என்பதா? இல்லை. சித்தியின் மகன் இனி தன்னை அக்கா என்று கூப்பிடமாட்டான் என்பதா? அதுவும்தான். ஆனால் அடியில் இன்னொன்று கிடந்தது. இத்தனை நாள், யாருமே அறியாத ஒன்று நடக்காத ஒன்றாகிவிடும் என்று ஏதோ ஒரு மூலையில் அவள் நம்பியிருந்தாள். தன் முறையைத் தானே நம்பியிருந்தாள். இடப்பெயர்ச்சியில் அந்தத் திரும்பல் இல்லை; ஆகவே அது இல்லை.

மேசைமேல் செய்தித்தாள் இன்னும் அப்படியே இருந்தது. இரண்டு புள்ளி, வளைந்த கோடு, நேர்கோடு. வளைந்த கோட்டைத்தான் அவள் முதலில் வரைந்திருந்தாள்.

*

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தட உரிமைத் தீர்ப்பாயத்தின் தாழ்வாரம் முழுக்கக் காக்கிச் சட்டைகள். பெஞ்சு நிறைந்து, சுவரோரம் நின்றுகொண்டும் ஓட்டுநர்கள்.

"உனக்கு எவ்வளவு?" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"ஒண்ணு."

"ஒண்ணா! நடந்தே போயிருக்கலாமேய்யா."

"பிரசவ கேஸு. மூணு ஆஸ்பத்திரில பெட் இல்லன்னு திருப்பி விட்டான். கடைசில அவங்க தெருவுக்குப் பின்னாடியே ஒரு நர்ஸிங் ஹோம்ல சேத்தேன். நேர்கோட்டுல அறுநூறு மீட்டர். அந்தப் பொண்ணு கையெழுத்துப் போடும். ஆனா சொந்த ஊருக்குப் போயிருச்சாம், எங்கன்னு கேக்கறதுக்குச் சட்டத்துல இடமில்ல."

சிரித்தார்கள். சங்கவி தலையைக் குனிந்துகொண்டு அவர்களைக் கடந்தாள். கடைசி பெஞ்சில் பெர்க்மான்ஸ் இருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வாங்க மேடம். சாப்டீங்களா?"

அந்தக் கேள்வியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சுவரில் படிவத்தை வைத்துக் கையெழுத்திட்டாள்.

உள்ளே விசாரணை அலுவலர், ஓய்வை நெருங்கும் வயதுக்காரர், மூக்குக் கண்ணாடிக்கு மேல் அவளைப் பார்த்தார். புகார்தாரர் வரவில்லை; வந்திருந்தாலும் வெளியேதான் உட்கார வேண்டும். அடுத்தவர் தடத்தைக் கேட்க அவருக்கு உரிமை கிடையாது.

"இசைவு குடுத்தா அவர் பேசலாம் மேடம். நீங்க பேசணும்னு கட்டாயமில்ல."

"நானே சொல்றேன்."

சொன்னாள். ஐந்து முப்பத்தாறிலிருந்து ஆறு வரை. மாம்பழச்சாலை, ஃபிரிட்ஜ், மிக்ஸி. மருந்தா என்று அவர் கேட்டது, ஆமாம் என்று தான் சொன்னது. பாலத்தில் கூட்டம் என்றது. தெரு ஸ்பீடு பிரேக்கர். ஆறரை மணி ஒப்பம். சொல்லி முடித்தாள். அலுவலர் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினார். இனி யாராவது தன்னைத் திட்டுவார்கள் என்று அவள் காத்திருந்தாள்.

அவர் தட்டச்சு செய்து, திரையை அவள் பக்கம் திருப்பினார். 'ஓட்டுநருக்கு முழு விலக்கு. காரணம்: காக்கப்பட்டது.'

"அவ்வளவுதானா? நான் சொன்னது?"

"தீர்ப்பு பதிவானதும் வாக்குமூலம் அழிஞ்சிடும். தடம் சம்பந்தப்பட்ட எதையும் நாங்க வெச்சுக்கக் கூடாது." அவர் கொஞ்சம் தயங்கினார். "பதினொண்ணாம் பிரிவு. நீங்க எழுதினதுதான் மேடம்."

திரையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றி நின்றது. அழிந்தது.

"புகார் குடுத்தவருக்கு?"

"அந்த ஒரு வரி போகும்."

"என் மேல நடவடிக்கை?"

"எதை வெச்சு?" என்றார் அவர், கேலியில்லாமல். "வெளிய இன்னும் இருபத்தேழு பேர் இருக்காங்க. இன்னிக்குக் கையெழுத்துப் போட ஆள் வந்திருக்கிறது உங்க ஒரு கேஸுக்குத்தான்."

*

வாசல் வேப்பமர நிழலில் பெர்க்மான்ஸ் காத்திருந்தார். லைசென்ஸ் அட்டையைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சட்டைப் பையில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்க" என்றாள் சங்கவி. "முப்பத்தொன்பது நாள் உங்களை..."

"என் சம்சாரம் வந்தாளாமே. அவ வாயி கொஞ்சம்..."

"அவங்க சரியாத்தான் கேட்டாங்க. நீங்க ஏன் வரல?"

அவர் அட்டையின் ஓரத்தை நகத்தால் நிமிண்டினார். "கேட்டது நீங்க. ஸ்டியரிங்கைத் திருப்பினது நான். மருந்துன்னீங்க. வண்டிக்குள்ள எல்லா மருந்தும் இருக்குன்னு எனக்குத் தெரியாதா? உங்க கழுத்துல ஆபீஸ் அடையாள அட்டையைப் பாத்தேன், பெரிய இடம், எதுக்கு வம்புன்னு திருப்பிட்டேன். குத்தம் தப்பான கணக்குல வந்திருக்கு. ஆனா வந்தது சரியான விலாசத்துக்குத்தானோன்னு தோணுச்சு."

"அப்படிச் சொல்லாதீங்க."

"இன்னொண்ணும் இருக்கு மேடம். சொல்லவா வேண்டாமான்னு..." அவர் அவளைப் பார்க்காமல் பேசினார். "நீங்க உள்ள போயிருந்தப்ப அந்தம்மா கூப்பிட்டாங்க. 'தம்பி, இப்ப நல்லாவே வலிக்குது'ன்னாங்க. ஹாரன் அடிச்சு உங்களைக் கூப்பிடறேன்னேன். வேண்டாம்னாங்க. 'என்னத்தையோ மறந்துட்டா போல. ஹாரன் கேட்டா பதறிடுவா, பதறினா ஒண்ணும் கிடைக்காது அவளுக்கு. சின்னதுலேருந்தே அப்படி'ன்னாங்க. கைய ஹாரன் மேலயே வெச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். அடிக்கல."

வேப்பம்பழம் ஒன்று உதிர்ந்து இருவருக்கும் நடுவே விழுந்தது. தாழ்வாரத்திலிருந்து யாரோ ஒரு பெயரை உரக்க அழைத்தார்கள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு மேடம்" என்று அவர் கும்பிட்டார்.

சங்கவி வீட்டுக்கு நடந்தே போனாள். பாலத்தைக் கடந்து, மாம்பழச்சாலையில் கொஞ்ச நேரம் நின்றாள். அங்கே திரும்புவதற்கு ஒரு இடைவெளி இருந்தது, சாதாரணச் சாலை இடைவெளி. ஆட்டோக்கள் அதில் திரும்பிக்கொண்டிருந்தன. தெருமுனை வேகத்தடையில் கால் வைத்தபோது கைப்பேசி அடித்தது. ஹரிகரன்.

இதுவரை எதுவும் எங்கும் பதிவாகவில்லை. அலுவலர் மறந்துவிடுவார், அது அவர் கடமை. பெர்க்மான்ஸ் சொல்லமாட்டார். அவள் பேசாமலிருந்தால் அந்தப் பதினான்கு நிமிடம் இனி என்றைக்கும் நடந்திருக்காது.

"அக்கா, பாத்தியா? விட்டுட்டானுங்க! முழு விலக்காம். காரணம் காக்கப்பட்டதாம். எவ்வளவு பெரிய ஆளைப் பிடிச்சானோ. நான் விடமாட்டேன், மேல போறேன். நீதானேக்கா அந்த முறையையே எழுதினவ, உனக்குத் தெரியாத ஆளா? அவன் மறுபடி வண்டி எடுக்கக் கூடாது. அக்கா? கேக்குதா?"

"கேக்குது."

"என்ன பேசமாட்டேங்கிற?"

அவள் வேகத்தடையின் மேட்டிலேயே நின்றாள். இந்த இடத்தில்தான் சித்தி தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டு சும்மா இருந்தாள்.

"ஹரி," என்றாள், "நாங்க நேரா போகலைடா."